புது கம்ப்யூட்டர்... பழைய கடுதாசி!

இந்த வாரம் ஹாஸ்டல் கதை கிடையாது. நேரா ஒரு கேள்வி. உங்க இ-மெயில் எல்லாம் எங்கே இருக்கு?

"இதென்ன கேள்வி பாஸ்... இன்டர்நெட்லதான்!" என்கிறீர்களா? 2025 தீபாவளி லீவு வரைக்கும் நானும் உங்க கட்சிதான். கோத்தகிரியில் இருக்கும் என் மாமாவும் அதே கட்சி. அந்த நம்பிக்கையில் ரெண்டு பேரும் சேர்ந்து எங்க ஹட்டன் பாட்டியை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் தள்ளிவிடப் பார்த்தோம். நூலிழையில் தப்பித்தார் பாட்டி!

குழப்பமா இருக்கா? முதலில் இருந்து வர்றேன்.

மாமாவுக்கு கோத்தகிரியில் ஒரு ஜெராக்ஸ், டி.டி.பி. கடை. 2003-ல் ஆரம்பிச்சது. அப்போ வாசலில் 'பிரவுஸிங்' போர்டும் தொங்குமாம். இப்போ அந்த இடத்தில் 'ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுத் தரப்படும்' போர்டு. கடையின் ராஜா ஒரு கறுப்பு டெஸ்க்டாப். 2012-ல் வாங்கினது, விண்டோஸ் 7. அதுக்கான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே நிறுத்தியாச்சு. மாமா அசரலையே! ஆனா பிரவுசர் பழசாகி, அப்ளிகேஷன் போடுற வெப்சைட்டுகள் ஒவ்வொண்ணா அடம்பிடிக்க ஆரம்பிச்சதும் வேற வழியில்லாம ஒரு லேப்டாப் வாங்கிட்டார். பழைய மெஷினை எடுத்துக்கிட்டு விலையில் 1,500 ரூபாய் கழிச்சுக்கிறோம்னு கோயம்புத்தூர் கடைக்காரர் சொல்லியிருந்தார். "மாப்ளே, லீவுக்கு வர்றேல்ல... புதுசுல எல்லாத்தையும் ஏத்திக் குடுத்துட்டு, பழசைக் கையோட கோயம்புத்தூர் எடுத்துட்டுப் போயிடு" என்று போன். எஞ்சினீயரிங் படிச்சா இதுதான் கதி. மூணாவது வருஷம் படிக்கிறது எதுவா இருந்தாலும் சொந்தக்காரங்களுக்கு நாம சர்வீஸ் பையன்தான்!

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, ஹேர்பின் பெண்ட் எல்லாம் சுத்தி, நல்ல மழையில் போய் இறங்கினேன். வேலை என்னவோ சிம்பிள்தான். வேர்டு ஃபைல், போட்டோ, டி.டி.பி. டிசைன்னு எல்லாத்தையும் பென் டிரைவில் அள்ளி புது லேப்டாப்பில் கொட்டினேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிஞ்சது. "மெயில் மாமா?" என்று கேட்டதுக்கு, "அது இன்டர்நெட்ல இருக்கும்ல... பாஸ்வேர்டு போட்டா வந்துடும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

மூலையில் டீ குடிச்சுக்கிட்டு இருந்த தாத்தாதான் கேட்டார். "அப்போ அக்கா கடுதாசி?"

இங்கே கொஞ்சம் ஃபிளாஷ்பேக்.

எங்க தாத்தா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1964-ல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் பத்தி நீங்க கேள்விப்பட்டிருக்கலாம். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை குடுக்கணும்னு ரெண்டு நாடும் ஆளைப் பிரிச்சுக்கிட்ட ஒப்பந்தம். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியா பங்கு போட்டுக்கிட்டாங்க. அந்தக் கணக்கில் தாத்தா, அவரோட அப்பா அம்மா எல்லாரும் இந்தியா. கல்யாணமாகிப் போயிருந்த அக்கா மட்டும் இலங்கை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கும்போது தாத்தாவுக்கு 18 வயசு. இப்படித் திரும்பி வந்தவங்களுக்காக தமிழக அரசு 1968-ல் நீலகிரியில் தொடங்கினதுதான் இன்னிக்கு 'டான்டீ' என்கிற அரசுத் தேயிலைத் தோட்டம். தாத்தா அங்கேதான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் வேலை பார்த்தார்.

அந்த அக்காதான் ஹட்டன் பாட்டி. முதலில் வருஷத்துக்கு ரெண்டு ஏர்மெயில் கடுதாசி. அப்புறம் 2003-ல் ஹட்டனில் பாட்டியோட பேரன் ஒருத்தர் 'கொமினிகேஷன்' ஒண்ணில் வேலைக்குச் சேர்ந்தார். நம்ம ஊர் எஸ்.டி.டி. பூத், பிரவுஸிங் சென்டர் ரெண்டும் சேர்ந்தது மாதிரியான கடைக்கு அங்கே அப்படித்தான் பேர். பாட்டி சொல்லச் சொல்ல அவர் டைப் பண்ணி அனுப்புவார். இங்கே மாமா டயல்-அப்பில் கனெக்ட் பண்ணி, மெயிலை இறக்கி, உடனே லைனைத் துண்டிச்சு, பிரிண்ட் எடுத்துக் குடுப்பார். ஞாயித்துக்கிழமை தாத்தா கடைக்கு வந்து பதில் சொல்ல, மாமா டைப் அடிப்பார். இப்படி ஏழு வருஷம்!

"அந்தப் பிரிண்ட் எல்லாம் எங்கே?" - கேட்டேன்.

2009 நவம்பர் மழை ஞாபகம் இருக்கா? நமக்கெல்லாம் அப்போ நாலு, அஞ்சு வயசுதான். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. மண்சரிவில் 40 பேருக்கு மேல் செத்துப்போனாங்க. எங்க வீட்டில் உயிருக்கு ஒண்ணும் ஆகலை. ஓட்டு வழியா ஒழுகின தண்ணி டிரங்குப் பெட்டிக்குள் போனதோடு சரி. இங்க்ஜெட் மையில் அடிச்ச காகிதம் நனைஞ்சா என்ன ஆகும்? பாட்டியோட ஏழு வருஷக் கடுதாசியும் ஊதா நிறக் கூழ். அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு, 2010 பொங்கலுக்கு முந்தின வாரம், பாட்டியும் இல்லை.

"மெஷின்ல இருக்குப்பா"னு மாமா அப்போ சொன்ன ஒரே வார்த்தையை நம்பி 15 வருஷமா உட்கார்ந்திருக்கார் மனுஷன்!

சரி, மெஷினில் இருக்கா, இன்டர்நெட்டில் இருக்கா? இதுதான் மேட்டரே.

எஸ்டேட்டில் 'தப்பால்காரர்'னு ஒருத்தர் இருப்பார். காலையில் தோல் பையோட டவுன் போஸ்ட் ஆபீஸுக்குப் போய், தோட்டத்துக்கு வந்த அத்தனை தபாலையும் அள்ளிப் போட்டுக்கிட்டு வந்து எஸ்டேட் ஆபீஸில் கொட்டுவார். அதுக்கப்புறம் போஸ்ட் ஆபீஸில் போய்க் கேட்டா அங்கே ஒண்ணும் இருக்காது. இ-மெயிலில் 'பாப்' என்பது அச்சு அசலா இதுதான். அதோட முழுப் பேரே 'போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால்'! 1984-ல் முதல் வடிவம், 1988-ல் மூணாவது. இன்னிக்கும் அந்த மூணாவதுதான் ஓடுது. இன்னொண்ணு 'ஐமேப்'. 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கினது. இதில் தபால் போஸ்ட் ஆபீஸிலேயே இருக்கும், நாம போய்ப் படிச்சிட்டு வரணும். நம்ம போனில் ஜிமெயில் தெரியறது கிட்டத்தட்ட இந்த வழி.

ஏன் 'பாப்'னு ஒண்ணைக் கட்டிக்கிட்டு அழுதாங்கனு கேட்காதீங்க. நம்ம நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலமா. டெலிபோன் லைனில்தான் கனெக்‌ஷன், மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். இறக்கு, துண்டி, அப்புறம் நிதானமா படி. அதோட சர்வரில் இடமும் கிடையாது. ஹாட்மெயில் அப்போ குடுத்ததே 2 எம்.பி.தான்! இப்போ நாம எடுக்கிற ஒரு செல்ஃபி கூட அதில் அடங்காது. 2004 ஏப்ரல் 1-ம் தேதி ஜிமெயில் 1 ஜி.பி. தர்றோம்னு சொன்னப்போ பாதிப் பேர் ஏப்ரல் ஃபூல் ஜோக்னு நினைச்சதில் ஆச்சர்யமே இல்லை.

மாமா பண்ணினதும் 'பாப்'தான். அந்த டயல்-அப் கனெக்‌ஷன் போனதோடு அந்த மெயில் ஐ.டி-யும் எப்பவோ செத்துப்போச்சு. ஸோ, பாட்டி கடுதாசி இந்த உலகத்தில் இருக்கிற ஒரே இடம், நான் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏத்தி 1,500 ரூபாய்க்குக் குடுக்க இருந்த டப்பா!

அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்கா வேலையை ஆரம்பிச்சேன். உங்க வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் சப்போர்ட் முடிஞ்சதால் ஊர் முழுக்க மெஷின் மாத்திக்கிட்டு இருக்காங்க. அதனால் கொஞ்சம் கவனிங்க.

மாமா முதலில் வெச்சிருந்தது அவுட்லுக் எக்ஸ்பிரஸ். 2005-ல் தண்டர்பேர்டுக்கு மாறினார். அதில் இருந்து இன்னிக்கு வரைக்கும் தண்டர்பேர்டுதான். இதில் பெரிய நிம்மதி என்னன்னா, மெயில் புரோகிராம் வேற, மெயில் வேற. புரோகிராமை எப்போ வேணும்னாலும் டவுன்லோடு பண்ணலாம். மெயில், அட்ரஸ் புக், பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் எல்லாம் 'புரொஃபைல்'னு ஒரே ஃபோல்டருக்குள் குடியிருக்கும். அந்த ஃபோல்டர் கொஞ்சம் ஒளிஞ்சிருக்கும். விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, வர்ற சின்னப் பெட்டியில் ஒரு பர்சென்ட் குறி, 'ஆப்டேட்டா' என்ற வார்த்தை ஆங்கிலத்தில், மறுபடி ஒரு பர்சென்ட் குறி போட்டு என்டர் தட்டினா 'ரோமிங்' ஃபோல்டர் திறக்கும். அதுக்குள்ள 'தண்டர்பேர்ட்'. அந்த ஃபோல்டரை அப்படியே, முழுசா காப்பி பண்ணணும். உள்ளே போய் எது வேணும், எது வேணாம்னு பொறுக்காதீங்க. காப்பி பண்ணும்போது தண்டர்பேர்டு மூடியிருக்கணும், திறந்து வெச்சுக்கிட்டு பண்ணினா பாதி எழுதின ஃபைல்தான் வரும். அப்புறம் காப்பிதான், கட் இல்லை! நடுவில் கரன்ட் போனா என்ன ஆகும்னு யோசிங்க. அதுவும் கோத்தகிரி மழையில்.

காப்பி போட்டேன். 70 பர்சென்டில் நின்னுபோச்சு. 'ஃபைல் ரொம்பப் பெரிசு'னு மெசேஜ். என் பென் டிரைவில் 20 ஜி.பி. காலியா இருக்கே!

இங்கேதான் படிச்ச படிப்பு கைகொடுத்தது (ஒரே ஒரு தடவை). பென் டிரைவ் ஃபேட் 32 ஃபார்மேட். அதில் எவ்வளவு காலி இடம் இருந்தாலும், ஒரு தனி ஃபைல் 4 ஜி.பி-யைத் தாண்டக் கூடாது. தண்டர்பேர்டு வழக்கமா ஒரு ஃபோல்டரில் இருக்கிற எல்லா மெயிலையும் ஒரே ஃபைலா, சாதா டெக்ஸ்டா, ஒண்ணு கீழ ஒண்ணா எழுதி வைக்கும். 'எம்பாக்ஸ்'னு பேர். யூனிக்ஸ் காலத்துப் பழக்கம். மாமாவோட இன்பாக்ஸ் 5 ஜி.பி-க்கு மேல்!

"அவ்வளவு மெயிலா மாமா?"

"இல்லையே... கஸ்டமருங்க பிரிண்ட் எடுக்க அனுப்புவாங்க, எடுத்துட்டு டெலிட் பண்ணிடுவேனே!"

அதுதான் விஷயம். டெலிட் பண்ணினா அந்த மெயில் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு அடையாளம் வைக்கப்படுமே தவிர, ஃபைலுக்குள் அப்படியே கிடக்கும். 'காம்பாக்ட்' பண்ணினாதான் நிஜமா போகும். ஊர்க்காரங்க ஆதார் கார்டு, ஜாதகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் 13 வருஷமா பாட்டி கடுதாசியோட ஒரே மூட்டையில். உடனே காம்பாக்ட் பட்டனை அமுக்கக் கை துறுதுறுன்னுச்சு. அமுக்கலை. காம்பாக்ட் என்பது மொத்த ஃபைலையும் திரும்ப எழுதுற வேலை. 13 வருஷப் பழைய ஹார்டு டிஸ்க்கில், வேற காப்பி ஒண்ணு கூட இல்லாத நேரத்தில், அந்த விஷப்பரீட்சை வேண்டாம். பென் டிரைவை 'எக்ஸ்ஃபேட்'டில் ஃபார்மேட் பண்ணி, முழுசா காப்பி எடுத்தேன். அதுக்கு மட்டும் முக்கால் மணி நேரம். (தண்டர்பேர்டிலேயே 'எக்ஸ்போர்ட்'னு ஒரு வசதி இருக்கு. சின்ன புரொஃபைலா இருந்தா அது சுலபம். ஆனா 2 ஜி.பி. வரைக்கும்தான்.)

புது லேப்டாப்பில் தண்டர்பேர்டு இன்ஸ்டால் பண்ணி, ஒரு தடவை திறந்து மூடி, அதே 'ரோமிங்' இடத்தில் இந்த ஃபோல்டரை ஒட்டினேன். திறந்தா... வெறுமை. 'வெல்கம், புது அக்கவுன்ட் தொடங்குங்க'ன்னு பல்லைக் காட்டுது! தாத்தா பின்னாடியே நின்னுக்கிட்டு இருக்கார். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

பதறாதீங்க, மெயில் எங்கேயும் போகலை. 2019-க்குப் பிறகு வந்த தண்டர்பேர்டு, ஒவ்வொரு இன்ஸ்டலேஷனுக்கும் தனித்தனி புரொஃபைல் வெச்சுக்கும். நாம கொண்டுவந்ததை விட்டுட்டு, தானா ஒரு காலி புரொஃபைலை உண்டாக்கி அதைத் திறந்து காட்டுது. 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போனா, அதில் புரொஃபைல் பட்டியலுக்கு ஒரு லிங்க் இருக்கும். பழைய புரொஃபைலைக் கண்டுபிடிச்சு 'டிஃபால்ட்' ஆக்கிட்டு மூடித் திறந்தா போதும். நான் அப்படித்தான் பண்ணினேன். மளமளன்னு இடது பக்கம் ஃபோல்டர்கள். அதில் ஒண்ணு, 'ஹட்டன்'. 112 மெயில்!

"வந்துடுச்சு தாத்தா!"னு கத்தினேன். தாத்தா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் மெயிலைத் திறந்தேன்.

ஜே, கே, அரைப்புள்ளி, ஜி, பி.

பக்கம் முழுக்க இப்படித்தான். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அள்ளித் தெளிச்ச மாதிரி. தாத்தா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது என்ன பாஷை பேராண்டி?"

யூனிகோட் வீட்டு வாசலுக்கு வராத காலத்துத் தமிழ் இது, ஃப்ரெண்ட்ஸ். நமக்கு எல்லாம் 'அ' அடிச்சா 'அ'. அப்போ ஊருக்கு ஒரு ஃபான்ட், ஃபான்ட்டுக்கு ஒரு கணக்கு. இலங்கையிலும், அங்கிருந்து கனடா, ஐரோப்பா போனவங்ககிட்டேயும் ரொம்பப் பிரபலம் 'பாமினி'. உள்ளே இருக்கிறது ஆங்கில எழுத்து, மேலே மாட்டியிருக்கிறது தமிழ்ச் சட்டை. பாமினியில் ஜே என்றால் 'த'. கே என்றால் 'ம'. அரைப்புள்ளி என்பது புள்ளி. ஜி-யும் பி-யும் சேர்ந்தா 'பி'. அதாவது... 'தம்பி'! பாட்டி ஒவ்வொரு கடுதாசியும் தொடங்குற வார்த்தை.

மெயிலைக் கொண்டுவந்தேனே தவிர, சட்டையைக் கொண்டுவரலை. ஃபான்ட் இருக்கிறது மெயில் புரோகிராமில் இல்லை, விண்டோஸில். பழைய மெஷினில் இருந்து எடுத்துட்டா முடிஞ்சது. எழுந்து பவர் பட்டனை அமுக்கப் போறேன், பட்டுன்னு கரன்ட் போச்சு. யு.பி.எஸ். பேட்டரி மாமாவுக்கு ஞாபகத்தில் இருக்கிற காலத்திலேயே இறந்துபோனது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் மினுக்குது.

சும்மா இருக்க முடியாம 'ஹட்டன்' ஃபோல்டரின் அடிமட்டத்துக்குப் போனேன். 2003-ம் வருஷத்து முதல் மெயில், நல்ல ஆங்கிலத்தில் ரெண்டே வரி. 'முதலில் இதை கம்ப்யூட்டரில் போடுங்க மாமா, அப்புறம்தான் அப்பாயி எழுதுறது தெரியும்.' கூடவே ஒரு அட்டாச்மென்ட். பாமினி ஃபான்ட்!

அந்தப் பேரனுக்கு அப்போ என் வயசுதான் இருந்திருக்கும். அட்டாச்மென்ட் எல்லாம் எம்பாக்ஸுக்குள் எழுத்தா மாத்தி மடிச்சு வைக்கப்பட்டிருக்கும். அதனால் ஃபைல் வந்தா அட்டாச்மென்ட்டும் வந்தாச்சு. டபுள் க்ளிக் பண்ணி, இன்ஸ்டால் பண்ணி, தண்டர்பேர்டை மூடித் திறந்தேன்.

தாத்தா சத்தமா படிக்க ஆரம்பிச்சார். லயத்துக்குப் பின்னாடி போட்ட போஞ்சித் தோட்டம், கொழுந்து விலை, யாருக்குக் கல்யாணம், யார் கொழும்புக்கு வேலைக்குப் போனது... சாதாரண விஷயம்தான். இருட்டில், லேப்டாப் வெளிச்சத்தில், மாமா கடையை மூடுறதையே மறந்து கேட்டுக்கிட்டு இருந்தார். நடுவில் ஒரு இடத்தில் தாத்தா நிறுத்திட்டார். "பெரட்டுக்களத்துக் கொய்யா மரத்தை வெட்டிட்டாங்கனு எழுதியிருக்கா. இதை நான் மறந்தே போயிட்டேன்" என்றார். அவ்வளவுதான், அடுத்த மெயிலுக்குப் போயிட்டார்.

மறுநாள் இன்னொரு வேலை செஞ்சேன். தாத்தாவுக்குப் போனிலும் வேணுமாம். போனில் பாமினி ஃபான்ட்டுக்கு எங்கே போறது? என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர், பொங்குதமிழ்னு இதுக்காகவே எழுதின கருவிகள் இருக்கு. பாமினியைக் குடுத்தா யூனிகோடா மாத்தித் தரும். 112 மெயிலையும் மாத்தினேன். ஒரே ஒரு தமாஷ். பேரன் அவசரத்தில் ஃபான்ட்டை மாத்தாமலே நடுநடுவில் ஆங்கில வார்த்தை அடிச்சிருப்பார் போல. கன்வெர்ட்டருக்கு அதெல்லாம் தெரியுமா? 'ஓகே' என்பது 'ழம' ஆயிடுச்சு. 'டீ' என்பது 'வநய'! தேயிலைத் தோட்டத்துக் கடுதாசியில் பக்கத்துக்குப் பக்கம் 'வநய' குடிக்கிறாங்க. உட்கார்ந்து ஒவ்வொண்ணா திருத்தினேன். ஒரிஜினல் மெயிலை மட்டும் தொடவே இல்லை. மாத்தினது தனி, மூலம் தனி. நீங்களும் அப்படியே செய்யுங்க, நம்ம திருத்தத்தை நம்ப முடியாது.

பழைய மெஷின் என்ன ஆச்சு? குடுத்துட்டோம், ஆனா ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிக்கிட்டு. கடைக்காரர் 300 ரூபாய் குறைச்சுக்கிட்டார். மாமா முகம் சுருங்கிச்சு, பரவாயில்லை. குடுக்கிறதுக்கு முன்னாடி பழசிலும் புதுசிலும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை மெயில்னு எண்ணிப் பார்த்து, முதல் மெயில், கடைசி மெயில், நடுவில் நாலஞ்சு அட்டாச்மென்ட் திறந்து பார்த்துட்டேன். பென் டிரைவில் இருந்த காப்பியை வெளி ஹார்டு டிஸ்க் ஒண்ணில் ஏத்திட்டு, பென் டிரைவை அழிச்சேன். ஏன்னா அந்தப் புரொஃபைலுக்குள் மாமாவோட பாஸ்வேர்டுகளும் இருக்கு. அதை பஸ்ஸில் தொலைச்சா கடைச் சாவியைத் தொலைச்ச மாதிரி. காம்பாக்ட் எல்லாம் இதுக்கு அப்புறம்தான். 5 ஜி.பி. இன்பாக்ஸ் 600 எம்.பி. ஆச்சு!

அவுட்லுக்கில் மெயில் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதில் 'பி.எஸ்.டி.'னு முடியற ஃபைல்தான் அசல் பெட்டி, அதைக் காப்பி பண்ணிப் புது மெஷினில் திறக்கலாம். 'ஓ.எஸ்.டி.' என்பது சர்வரில் இருக்கிறதோட நகல். அதை மட்டும் தூக்கிட்டுப் போய்ப் பிரயோஜனம் இல்லை.

"எங்களுக்கு எல்லாமே ஜிமெயில்தான், எங்களுக்கு எதுக்கு இது?"ன்னு சிரிக்கிற ஃபைனல் இயர் அண்ணாஸ், அக்காஸ்... உங்க காலேஜ் மெயில் ஐ.டி. யாரோடது? காலேஜோடது. நீங்க வெளியே போன பிறகு அதை மூடுறதும் விடுறதும் அவங்க இஷ்டம். புராஜெக்ட் கைடு அனுப்பின கரெக்‌ஷன், இன்டர்ன்ஷிப் லெட்டர், ஹாஸ்டல் பசங்க குரூப்பா போட்ட சண்டை எல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு? 'கூகுள் டேக்அவுட்' உங்க காலேஜ் அக்கவுன்ட்டில் திறந்திருந்தா, மொத்த மெயிலையும் இதே எம்பாக்ஸ் ஃபைலா இறக்கிக்கலாம். சொந்த அக்கவுன்ட்டும் சாஸ்வதம் இல்லை. ரெண்டு வருஷம் தொடாம விட்ட தனிநபர் அக்கவுன்ட்டை அழிப்போம்னு கூகுள் 2023-ல் அறிவிச்சு, அந்த டிசம்பரில் இருந்து செய்யவும் ஆரம்பிச்சாச்சு. பத்தாம் வகுப்பில் ஆரம்பிச்ச பழைய ஐ.டி. இருந்தா இன்னிக்கே ஒரு தடவை எட்டிப் பாருங்க.

கிளம்புற அன்னிக்குக் காலையில் சும்மா ஃபோல்டர்களை மேய்ஞ்சுக்கிட்டு இருந்தேன். 'டிராஃப்ட்ஸ்'ல ஒரே ஒரு மெயில். 2009 டிசம்பர் தேதி. பாட்டிக்குத் தாத்தா சொல்ல, மாமா அடிச்சது. நடுவில் கரன்ட் போயிருக்கணும், தண்டர்பேர்டு தானா சேவ் பண்ணி வெச்சிருக்கு. அப்புறம் ரெண்டு பேரும் மறந்துட்டாங்க. அடுத்த மாசம் பாட்டி இல்லை.

மழை பத்தி நாலு வரி. பெட்டி நனைஞ்சு போச்சு, நீ அனுப்பினதெல்லாம் போச்சுனு ஒரு வரி. அப்புறம், 'அக்கா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சேன். நாம கப்பல் ஏற வந்த அன்னிக்கு நீ'

அதோட நிக்குது.

தாத்தாகிட்டே காட்டலாமா வேணாமான்னு கொஞ்ச நேரம் முழிச்சேன். அப்புறம் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். படிச்சார். இன்னொரு தடவை படிச்சார்.

"என்ன கேக்க வந்தீங்க தாத்தா?"

ரொம்ப நேரம் யோசிச்சார். "ஞாபகம் வரலையே பேராண்டி" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாச்சுனு மாமா ஹாரன் அடிச்சார். மூடப் போனேன். "அதை அழிச்சுடாதே" என்றார் தாத்தா. "ஞாபகம் வந்தா சொல்றேன்."